மணப்பாட்டில் வராத ஸ்டேஷன்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி, நான் இப்படி இருந்துக்கிடுதேன். மடியில என்னன்னு பாக்கீயளா? வேற ஒண்ணுமில்ல, ரேடியோ. துண்டச் சுத்தி வச்சிருக்கேன். தூத்துக்குடியத் தாண்டுனா ரோடு இருக்க லெச்சணத்துக்கு இரும்பே தாங்காது. நீங்க திருச்செந்தூரா? நான் ஆறுமுகநேரி. உங்களுக்கு முந்தியே இறங்கிருவேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிருதேன். என்கிட்ட பேசுனா என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. வெளிய பாத்துக்கிட்டுப் பேசுனா எனக்குப் பிடிக்காது. நான் நூல் மில்லுல இருந்தவன். ரிங் பிரேம் ஓடுத சத்தத்துல பக்கத்துல நிக்கவன் கத்துனாக்கூட விளங்காது. அதனால வாயசைவப் பாத்தே பேசிக்கிடுவோம். சூப்பர்வைசர் அந்தக் கோடில நின்னு எங்களத் திட்டுவான், நாங்க இந்தக் கோடில நின்னு ஒரு வார்த்த விடாமப் பிடிச்சுச் சிரிப்போம். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கிடுச்சு. மூஞ்சியக் காட்டாமப் பேசுதவன நான் நம்புததே இல்ல.

இந்தா, இப்ப பேசுதீயல்லா, இப்படித்தான். நல்லா விளங்குது.

மதுரைக்குப் போயிட்டு வாரேன். இத ரிப்பேர் பாக்கத்தான். ரிப்பேர் எங்க பாத்தான்? ஒரு ஸ்க்ரூவக்கூட கழட்டல. ஆன் பண்ணுனான், முள்ளத் திருப்புனான், ‘நல்லாத்தான இருக்கு ஐயா’ன்னு கையில குடுத்துட்டான். தூத்துக்குடிக்காரன் இதத்தான் சொன்னான். திருநெல்வேலிக்காரனும் இதத்தான் சொன்னான். இப்ப உள்ள மெக்கானிக்குக்கு செல்போனு டிஸ்ப்ளே மாத்தத் தெரியும், அவ்வளவுதான். ரேடியோ தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்ல. ஒரு ஸ்டேஷன்கூட வராத பெட்டிய நல்லா இருக்குன்னா என்ன அண்ணாச்சி அர்த்தம்?

பாட்டுக் கேக்கதுக்கா இவ்வளவு பாடுன்னு நினைக்கீய. பாட்டுக்கு இல்ல. டி.எக்ஸ்னு பேரு இதுக்கு. தூரத்து ஸ்டேஷனத் தேடிப் பிடிக்கது. பழைய மீடியம் வேவ் இருக்குல்லா, ஏ.எம்., அதுல. சூரியன் இருக்கவரைக்கும் பக்கத்து ஸ்டேஷன் மட்டும்தான் வரும். சூரியன் விழுந்துட்டா தூரத்து அலையெல்லாம் வானத்துல முட்டிக் கீழ இறங்கும். நமக்கு விளக்கு வைக்கிற நேரம், கிழக்க இருக்க நாட்டுக்காரனுக்குப் பாதி ராத்திரி ஆகியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல, இரைச்சலுக்கு அடியில, ஈ முனங்குத மாதிரி ஒரு குரல் வரும். அதப் பிடிக்கணும். பிடிச்சா மட்டும் போதாது. ஆம்பளக் குரலா பொம்பளக் குரலா, என்ன பாட்டு, எத்தன மணிக்கு மணியடிச்சான், எல்லாத்தையும் எழுதி அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பணும். அவன் ஒத்துப் பாத்துட்டு, ஆமாப்பா நீ கேட்டது எங்களத்தான்னு ஒரு கார்டு அனுப்புவான். அந்தக் கார்டுதான் எங்களுக்குச் சொத்து. இதுல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். காதுல விழாதத எழுதக் கூடாது. வேற யாரும் சாட்சி கிடையாதுல்லா, நம்ம காதுதான் சாட்சி.

எங்க டி.எக்ஸ். சங்கத்துல என் காதுக்குன்னு ஒரு மரியாத உண்டும். ‘தங்கையா அண்ணன் கேட்டேன்னு சொன்னா கேட்டதுதான்’பானுவ. மத்தவனுக்கு வெறும் இரைச்சலா இருக்கதுல நான் ஆளு பேரு ஊருன்னு பிரிச்சிருவேன்.

இப்ப எங்க கேக்க விட்டானுவ? தெருவுக்குத் தெரு எல்.இ.டி. பல்பு, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். எல்லாம் மீடியம் வேவுக்குள்ள வந்து ர்ர்ர்னு இரையும். எங்க வீட்டுக்கு முன்னால சோலார் லைட்டு ஒண்ணு நட்டானுவ, அன்னைக்கே எனக்கு அஸ்தமனம். மனு மேல மனு குடுத்தேன். செவிடன் காதுல ஊதின சங்குதான். ஆனா பாருங்க, நாலஞ்சு வருசம் கழிச்சு எப்படியோ அந்த இரைச்சல் அடங்கிப் போச்சு. சத்தமே இல்ல. யாரோ கவனிச்சுச் சரி பண்ணிட்டானுவ போல. அப்பாடான்னு உக்காந்தா, இரைச்சலோட சேந்து ஸ்டேஷனும் அடங்கிருச்சு. எல்லா நாட்டுலயும் மூடுதான்லா. மிச்சம் இருக்கவனும் கரண்டு மிச்சம் பிடிக்கப் பவரக் கொறைச்சுட்டான்.

ஊரே ஒரு மாதிரி ஆயிட்டுது. கொரோனா வந்துச்சுல்லா, அதுக்கு முந்தி சனங்க ஒழுங்காத்தான் பேசுச்சு. மாஸ்க்கப் போட்டாலும் போட்டுச்சு, ஒருத்தன் பேசுததும் விளங்கல. ரேசன் கடையில போய் நின்னா முணுமுணுன்னு என்னமோ சொல்லுதான், என்னல சொல்லுதன்னா அதுக்கும் முணுமுணுக்கான். கோயில்ல பாதிரியாரும் அப்படித்தான். மாஸ்க்கக் கழட்டுன பொறகு கொஞ்சம் தேவல. ஆனாலும் பழைய மாதிரித் திருத்தமா யாரும் பேசுததில்ல.

எஸ்தர், என் வீட்டுக்காரி, அவளுக்குத்தான் காதுல என்னமோ கோளாறு. டி.வி.யப் போட்டா போதும், பாஞ்சு வந்து சத்தத்தக் கொறைப்பா. ‘தெருவே கேக்குங்க’ன்னு கையால சைக காட்டுவா. கொஞ்ச நாளா வாங்க, காது டாக்டரப் பாப்போம்ங்கா. நான் சொன்னேன், நீ போ, நான் துணைக்கு வாரேன்னு. தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாவ. அழுதுட்டா. வயசானா பொம்பளைக்கு எதுக்கெடுத்தாலும் கண்ணீருதான்.

ஆமா, என் கூட்டாளி தனிஸ்லாசச் சொல்ல வந்தேன்.

வீரபாண்டியன்பட்டணத்துல போட்டோ ஸ்டூடியோ வச்சிருந்தான். எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்ச நாள்ல இருந்து அவனும் கூட. நான் மில்லு விட்டு வந்து நேரா அவன் ஸ்டூடியோவுக்குத்தான் போவேன். அவன் இருட்டு ரூமுல படம் கழுவிக்கிட்டே கேப்பான், நான் வெளிய உக்காந்து கேப்பேன். எனக்கு அவனளவுக்கு ஒருத்தன் கிடையாது. என் கல்யாணத்துக்கு அவன்தான் மாப்பிளத் தோழன். இவ்வளவுக்கும் அவன் வேற சபை, நான் வேற சபை, அவன் கடப்புறத்து ஆளு, நான் உப்பளத்துக்காரன் மவன். அதெல்லாம் எங்களுக்கு நடுவுல வந்ததே இல்ல.

ரெண்டு பேருக்கும் ஒரு ஸ்டேஷன் மேல கண்ணு. பசிபிக் கடல்ல ஒரு துணுக்குத் தீவு. பேரு வேண்டாம், பேரச் சொன்னாலே எனக்கு வயிறு எரியும். சின்ன ஸ்டேஷன். நம்ம பக்கத்துல யாரும் கேட்டதில்ல. இருவது வருசமா ரெண்டு பேரும் தேடுனோம். ஒருநா சங்கத் தலைவர் சொன்னாரு, இந்த மாசக் கடைசியோட அந்த ஸ்டேஷன் ஏ.எம்.ம மூடுதான், இனி நெட்டுல மட்டும்தானாம்னு. தனிஸ்லாசு முகம் செத்துப் போச்சு. ‘மணப்பாட்டுக்குப் போவோம்ல தங்கையா. கடைசியா ஒரு தடவ உக்காந்து பாப்போம்’னான்.

மணப்பாடு பாத்திருக்கீயளா? மணல் குன்று, மேல சிலுவைக் கோயிலு, சுத்திக் கடலு. கரண்டுக் கம்பி பக்கத்துல கிடையாது. நீள வயர மணல்ல இழுத்துக் கட்டுனோம். ரேடியோ இதுதான், என்னுது. ஒரே ரேடியோவுல ரெண்டு ஹெட்போனு மாட்டுத மாதிரி தனிஸ்லாசு ஒரு வயர் சேத்து வச்சிருந்தான். சூரியன் நமக்குப் பின்னால இறங்குது. நான் கண்ண மூடிக்கிட்டேன். அவ்வளவு சுத்தம் அண்ணாச்சி. ஒரு இரைச்சல் இல்ல, ஒரு கரகரப்பு இல்ல. அப்படி ஒரு அமைதிய நான் மீடியம் வேவ்ல பாத்ததே இல்ல.

திடீர்னு என் கைய வந்து பிடிச்சான். கண்ணத் திறந்து பாக்கேன், அவன் கண்ணு நெறஞ்சு வழியுது. ‘வந்துட்டான்ல, வந்துட்டான்’ங்கான். ‘எங்கல’ங்கேன். ‘பொம்பள பேசுதா. ஸ்டேஷன் பேரு சொல்லுதா, கேளு, கேளு. இந்தா, எல்லாருமாச் சேந்து பாடுதாவ, கீதம் போடுதான், மூடப் போறான்’ங்கான். நான் கேக்கேன். ஒண்ணும் இல்ல. ஹெட்போன அழுத்திப் பிடிச்சுக் கேக்கேன். ஒண்ணும் இல்ல. அவன் சத்தத்தக் கூட்டுனான், காதுக்குள்ள குத்துச்சு, வலிச்சுது, ஆனா குரல் இல்ல. என்ன அண்ணாச்சி இது? ஒரே ரேடியோ, ஒரே வயரு. அவன் காதுல மட்டும் வருமாக்கும்?

வெளையாடுதான்னு நினைச்சேன். பொறகு பாத்தா, அவன் நிசமாவே கேட்ட மாதிரி எழுதுதான். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் குதியாளம். நான் வேற பக்கம் பாத்துக்கிட்டே வந்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு ஒரு தபாலு. பிரிச்சா, அந்தத் தீவுக் கார்டு. தென்னமரம், கடலு, என் பேரு. தங்கையா, ஆறுமுகநேரின்னு அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கு. தனிஸ்லாசுதான் ரெண்டு பேர் பேரையும் போட்டு எழுதி அனுப்பியிருக்கான். நேரா வீரபாண்டியன்பட்டணம் போனேன். ‘நீ பக்கத்துல இருந்தல்லா, உன் ரேடியோதான, அதான் போட்டேன்’ங்கான். கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆச. நெட்டுலயும் அதே நிகழ்ச்சிதான் போகுது, அதச் செல்போன்ல கேட்டுட்டு எழுதியிருக்கான். வேற எப்படி? கேக்காத ஸ்டேஷனுக்கு என் பேருல கார்டு! என் வாழ்க்கையில அப்படி ஒரு அசிங்கம் வந்ததில்ல.

பாளையங்கோட்டையில சங்கக் கூட்டம். கார்டத் தூக்கி மேசமேல போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். தனிஸ்லாசு செல்போன எடுத்து மேசையில வச்சு ஒரு பட்டன அமுக்குனான். மணப்பாட்டுல பதிவு பண்ணுனானாம். எல்லாவனும் தலையக் குனிஞ்சு அந்தப் போனையே பாக்கானுவ. ஒருத்தன் வாயும் அசையல. நானும் பாக்கேன். என்ன இருக்கு அதுல? ஒரு மண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு நான் கேட்டேன், என்னல, போடப் போறியா, சும்மா வச்சிக்கிட்டு இருக்கப் போறியான்னு.

அப்ப எல்லாரும் நிமிந்து என்னப் பாத்தானுவ. தலைவரு வாயத் திறந்தாரு, தனிஸ்லாசு கையக் காட்டி நிறுத்திட்டான். செல்போன எடுத்துப் பைக்குள்ள போட்டான். என் முன்னால வந்து நின்னு, என் மூஞ்சிக்கு நேரா, ஒவ்வொரு வார்த்தையா, மில்லுல பேசுவோம்லா அப்படிச் சொன்னான். ‘நான் பொய் சொன்னேன் தங்கையா. ஸ்டேஷன் வரல. நீ சொன்னதுதான் சரி.’ தன் கார்டையும் எடுத்து என் கார்டு மேல வச்சான். சங்கப் பட்டியல்ல அவன் பேருல இருந்து அந்த ஸ்டேஷன அடிச்சாவ.

நான் ஜெயிச்சேன் அண்ணாச்சி. ஆனா ஒருத்தன்கூட வந்து நல்லது செஞ்சீயன்னு சொல்லல. டீயக் குடிச்சிட்டு என்கிட்ட சொல்லாமலே கலைஞ்சு போயிட்டானுவ. அதுக்கு அப்புறம் கூட்டம் எங்க, எப்பன்னு எனக்குத் தகவலும் இல்ல. உண்மையச் சொன்னா ஊருக்கு ஆகாது.

பொறகு ஒருநா வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூர்ல மவ வீட்டோட போறானாம், ஸ்டூடியோவ மூடிட்டானாம். நான் அவன் மூஞ்சியவே பாக்கல. சுவரப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டேன். அவன் ரொம்ப நேரம் பேசுனான்னு எஸ்தர் சொன்னா. என்ன பேசுனான்னு எனக்குத் தெரியாது, நான்தான் பாக்கலையே. திரும்பிப் பாக்கும்போது வாசல்ல அவன் செருப்பு இல்ல. எஸ்தர் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நிக்கா. என்ன சொன்னான்னு நான் அவகிட்டக் கேக்கல. எதுக்குக் கேக்கணும்?

இப்பவும் ஞாயித்துக்கிழம ஆனா கோயம்புத்தூர்ல இருந்து போன் போடுதான். எஸ்தர் எடுத்து, பேசிட்டு, என் கையில குடுப்பா. நான் காதுல வைப்பேன். அந்தப் பக்கம் மூச்சே காட்ட மாட்டான். அழுத்தக்காரன். நீ பேசுனாத்தான நான் பேசுவேன்னு நானும் வச்சுக்கிட்டே இருப்பேன். பொறகு எஸ்தர்கிட்டக் குடுத்துருவேன். பேசாததுக்கு எதுக்கு வாரா வாரம் போனு? ஆனா ஒண்ணு சொல்லட்டா, சனிக்கிழம ஆனா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நாளைக்காவது வாயத் திறப்பானான்னு.

என்ன, வண்டி நின்னுட்டு? பழையகாயல் தாண்டிட்டோம்லா. எல்லாரும் இறங்குதாவளே. பேட்டரியா? சொல்லுங்க, இங்க திரும்பிச் சொல்லுங்க. எஞ்சினும் லைட்டும் ஒண்ணாப் போயிட்டா? வேற வண்டி வரணுமா? நல்ல கூத்து.

சரி, அதுவும் நல்லதுக்குத்தான். வெளிய பாருங்க, ரெண்டு பக்கமும் உப்பளம், வீடு இல்ல, கம்பி இல்ல. இப்பதான் சூரியன் விழுது. இதவிட நல்ல இடமும் நேரமும் கிடைக்காது. அந்த மெக்கானிக்குப் பயலுவ சொன்ன லெச்சணத்த நீங்களே பாருங்க. இந்தா, ஆன் பண்ணுதேன். லைட்டு எரியுதா? முள்ளு தூத்துக்குடி ஸ்டேஷன்ல நிக்குது, இந்தா பின்னால இருக்க ஊரு. சத்தத்த முழுசா வைக்கேன். பாத்தீயளா? ஒண்ணும் இல்ல. செத்த பெட்டி.

ஏன் கீழ நிக்கவங்க எல்லாரும் திரும்பிப் பாக்காவ? கண்டக்டர் எதுக்குக் காதப் பொத்துதான்?

எஞ்சின் திரும்ப ஓடுதோ? லேசா உறுமுதே. ஓடலையா? தலைய ஆட்டுதீய. ஓடலைன்னா இது என்ன உறுமல்? எங்க இருந்து வருது? என் கை நடுங்குது. இல்ல, கை இல்ல, பெட்டிதான் நடுங்குது.

அண்ணாச்சி, உங்களுக்கும் எனக்கும் முன்பின் பழக்கம் இல்ல. நீங்க என்கிட்ட பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. இதுல யாரும் பேசுதாவளா? தலைய ஆட்டாதீய, வாயால சொல்லுங்க. நியூஸா? தமிழ்லயா? பொம்பளையா, ஆம்பளையா? தெளிவா வருதா? தெளிவாத்தான் வருதா?

சரி. சரி. அணைச்சிருதேன்.

அப்ப தனிஸ்லாசு மணப்பாட்டுல பொய் சொல்லல. அந்தப் பொம்பள பேசியிருக்கா. அத்தன பேரும் பாடியிருக்காவ. அவன் கண்ணுல தண்ணி வந்தது நிசந்தான். சங்கத்துலதான் பொய் சொல்லியிருக்கான். அத்தன பேருக்கு முன்னால, என் மூஞ்சிக்கு நேரா நின்னு. போன்லயும் அவன் பேசாம இருக்கல. வாரா வாரம் பேசியிருக்கான். நான்தான் அவன் பேசப் பேச மூச்சு விடாம வச்சிக்கிட்டு இருந்திருக்கேன்.

நாளக் கழிச்சு ஞாயித்துக்கிழம. போன் வரும். எஸ்தர் கையில குடுப்பா. அத வாங்கி நான் எங்க வைக்க அண்ணாச்சி?

என்ன சொல்லுதீய? இருட்டிட்டு, உங்க வாய் தெரியல. லைட்டப் போடச் சொல்லுங்களேன். ஆமா, பேட்டரி போச்சுன்னு சொன்னீயல்லா. செல்போன்ல லைட்டு அடிக்காதீய, வேண்டாம். இப்படியே இருக்கட்டும். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன். நான் பேசுதவரைக்கும் எனக்கு ஒரு கொறையும் தெரியாது. நீங்க பதில் சொல்ல வேண்டாம். மாத்து வண்டி வந்தா என் தோள மட்டும் தட்டுங்க.